212-க்கும் 213-க்கும் நடுவில்

ரோடு அகலப்படுத்துவதற்கு முன்னால் மரங்களுக்கு நம்பர் போட ஒரு ஆள் வருவான். கையில் பெயிண்ட் டின், தோளில் பழைய துணி. கும்மிடிப்பூண்டி பக்கத்தில் சில வருஷமாக அந்த ஆள் பெரும்பாலும் நான்தான்.

நான் பெயிண்டர். கம்பெனி காம்பவுண்டுச் சுவர், கேட், பைப் லைன், ரோட்டோரக் கல்லுக்கு மஞ்சள் கறுப்பு, எல்லாம் அடிப்பேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. என் எழுத்து கொஞ்சம் சாயும். எண் மட்டும் நட்ட கம்பம் மாதிரி நேராக நிற்கும். அதனால் நம்பர் வேலை என்றால் காண்டிராக்டர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். இன்னொரு காரணமும் உண்டு. நான் அதிகம் பேச மாட்டேன். நம்பர் போடும்போது அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் வந்து ஆயிரம் கேள்வி கேட்பார்கள். பதில் சொல்லாத ஆளாக இருந்தால் காண்டிராக்டர்களுக்கு வசதி.

வேலை இதுதான். சூப்பர்வைசர் நெஞ்சு உயரத்தில் மரத்தைச் சுற்றி டேப் பிடிப்பார். சுற்றளவு ஒரு அடிக்கு மேல் இருந்தால் மரம், குறைந்தால் புதர். மரம் என்றால் நான் கம்பி பிரஷால் பட்டையைத் தேய்த்து, ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளை அடித்து, காய்ந்ததும் சிவப்பில் நம்பர் எழுதுவேன். அவர் என்ன மரம், எவ்வளவு சுற்றளவு என்று தாளில் குறித்துக்கொள்வார். வேப்பம்பட்டை வெடிப்பு வெடிப்பாக இருக்கும். பெயிண்டைக் குடித்துவிடும், இரண்டு தடவை அடிக்க வேண்டும். புங்கமரம் வழவழப்பு, அதில் எழுதுவது சிலேட்டில் எழுதுவது மாதிரி.

முன்பெல்லாம் நான் நம்பர் போட்ட மரங்கள் அநேகமாக எல்லாமே விழுந்தன. எல்லாம் ரோட்டுக் கோட்டுக்குள் வந்தவை. அதனால் நம்பர் என்றால் வெட்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்த நம்பர் எதற்கு என்று யாரிடமும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை.

பிறகு அந்த வேலை எங்கள் காலனி இருக்கும் ரோட்டுக்கே வந்தது.

புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து தொழிற்பேட்டைப் பக்கம் போகும் ரோடு அது. அகலப்படுத்த வேண்டிய ரோடுதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கம்பெனிகள் வந்ததில் எனக்கு வருத்தமும் கிடையாது. என் அப்பா அடுத்தவர் நிலத்தில் குனிந்தே காலம் கழித்தவர். என் மனைவி தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் யூனிஃபார்ம் போட்டு, நிமிர்ந்து நின்று மெஷின் ஓட்டுகிறாள். ஆனால் லாரிகளுக்கு நிற்க இடம் இல்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கும். நின்ற லாரியில் பின்னால் போய் மோதி, எங்கள் காலனியிலேயே இரண்டு பேர் காலை ஒடித்துக்கொண்டார்கள். ரோடும் வேண்டும், லாரி நிறுத்த ஒரு இடமும் வேண்டும் என்று மனு எழுதியபோது நானும் கையெழுத்துப் போட்டேன்.

காலனிக்கும் ரோட்டுக்கும் நடுவில் எங்கள் கிரவுண்டு. சர்க்கார் இடம், பட்டா யாருக்கும் இல்லை. பதினோரு மரங்கள். வேம்பு மூன்று, புங்கன் நான்கு, பூவரசு இரண்டு, ஒரு நாவல், நடுவில் பெரிய தூங்குமூஞ்சி மரம். காலை ஷிப்டுக்கு ஏழெட்டு கம்பெனி பஸ்கள் அந்த நிழலில் வந்து நிற்கும். ரோட்டோரப் பூவரசுக்குக் கீழே ஓர் அக்கா இட்லிக் கடை வைத்திருந்தாள். புருஷன் போன பிறகு இருபது வருஷமாக அதே இடம்தான். ஷிப்டு முடித்து வருகிறவர்கள் நாஷ்டா சாப்பிட்டுவிட்டுத்தான் ஊட்டுக்குள் நுழைவார்கள். ஆடி மாதம் வேப்பமரத்தில் ஸ்பீக்கர் கட்டி, அதன் கீழே கூழ் ஊற்றுவார்கள். டிசம்பரில் தூங்குமூஞ்சி மரத்தின் உச்சியில் சர்ச்சுக்காரர்கள் ஸ்டார் கட்டுவார்கள். ஏறிக் கட்டுகிற ஆள் இரண்டுக்கும் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள் வந்து ஒருவருக்கொருவர் முடி வெட்டிக்கொண்டு, ஊருக்கு வீடியோ கால் பேசிக்கொண்டிருப்பார்கள். மாலையில் வாலிபால். பார்க் என்று பலகை வைத்த இடம் இல்லை. ஆனால் எங்களுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

எதிர்ப் பக்கத்துப் புளியமரங்களுக்குப் போட்டு முடித்தபோது நம்பர் 212-இல் நின்றது. அடுத்து கிரவுண்டு. அன்று சூப்பர்வைசருக்கு மகளைப் பள்ளியில் சேர்க்கிற வேலை இருந்தது. சின்ன வயசுக்காரர், என்மேல் நம்பிக்கை உள்ளவர். டேப்பை என்னிடம் கொடுத்து, "அண்ணே, அளந்து ஒரு சீட்டுல எழுதி வைங்க, சாயந்திரம் ஏத்திக்கறேன்" என்று சொல்லிவிட்டு பைக்கில் போய்விட்டார்.

நான் முதல் பூவரசில் டேப்பைச் சுற்றும் முன்பே இட்லிக் கடை அக்கா கரண்டியோடு வந்துவிட்டாள்.

"இன்னா நைனா, எங்க மரத்துக்கே பெயிண்ட் எத்துக்கினு வந்துட்டியா?"

இது என் வேலை என்றேன்.

"அந்தாண்ட புளியமரத்துக்கு நம்பரு போட்டியே, நிக்குமா அது? மிஷின் வந்து தள்ளிடும். நீ போடலன்னா எவன் வந்து எண்ணிக்கினு இருக்கப் போறான்?"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் கூடிவிட்டார்கள். அதட்டியவர்களும் உண்டு, கெஞ்சியவர்களும் உண்டு. ஒரு பெரியவர் என் கையிலிருந்த டின்னின் மூடியை எடுத்து மூடியே விட்டார். எனக்கும் போட மனசு இல்லை. என் மரங்களும்தானே. சாயந்திரம் சூப்பர்வைசர் போனில் கிரவுண்டு முடிந்ததா என்று கேட்டபோது, அங்கே மரம் எதுவும் இல்லை சார், எல்லாம் புதர்தான் என்றேன். வாழ்க்கையில் ஒரு மேலதிகாரியிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. ரோட்டோர லாரி வரிசையைத் தாண்டி உள்ளே வந்து பார்க்காமலே அவர் நம்பிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் கிரவுண்டைத் தாண்டி அடுத்த மரத்துக்கு 213 போட்டேன். வரிசையில் ஒரு எண்கூட விட்டுப்போகவில்லை.

அடுத்த சில வாரங்கள் காலனியில் நான் பெரிய ஆள். அதுவரை என்னைப் பெயிண்டர் என்றுதான் சொல்வார்கள், பாதிப் பேருக்கு என் முகமே தெரியாது. இப்போது வழியில் நிறுத்திப் பேசினார்கள். இட்லிக் கடையில் கெட்டிச் சட்னி எனக்குத் தனியாக வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டேன். உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

மழைக்கு முன்னால் ஒரு நாள், வேறு இடத்தில் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். லாரி நிறுத்தும் இடம் முடிவாகிவிட்டதாம். எங்கள் காலனி கிரவுண்டுதானாம். மண் கொட்டி மேடாக்கி, மொத்தமும் சிமெண்ட் தளம் போடப்போகிறார்களாம்.

அங்கே மரம் இருக்கிறதே என்று ஏதோ முனகினேன்.

"மரம் எங்கண்ணே இருக்குது? லிஸ்ட்ல காலி இடம்னுதான வந்திருக்கு. லிஸ்ட்ல மரம் இருந்தா ஒவ்வொண்ணுத்துக்கும் அனுமதி கேக்கணும், மரத்துக்குன்னு இருக்கற கமிட்டி வந்து பாக்கும், டிசைன மாத்த முடியுமான்னு கேப்பாங்க. பேஜாரு. இங்க அந்தத் தொல்லையே இல்ல."

பிரஷை டின்னில் போட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டேன். நம்பர் வெட்டுவதற்கு அல்ல. இங்கே மரம் இருக்கிறது என்று எழுதி வைப்பதற்கு. நம்பர் இருந்தால் வெட்டுவதற்கு முன் நாலு பேர் யோசிக்க வேண்டும். நம்பர் இல்லாவிட்டால் யோசிக்க எதுவும் இல்லை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து எங்கள் மரங்களைக் காகிதத்திலிருந்து நாங்களே எடுத்துவிட்டிருந்தோம்.

அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. லிஸ்டில் இருப்பது அவர் கையெழுத்து. நேரில் பார்க்காமல் போட்டது. "அண்ணே, எனக்கு வேலை போயிடும்ணே" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஊட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மரம் இல்லன்னு சொன்னது நீ. இருக்குதுன்னு சொல்லவும் நீதான் போவணும்."

எனக்கு ஆபீஸில் எல்லாம் போய்ப் பேச வராது என்றேன்.

"வரலன்னா வரைஞ்சு காட்டு. கையி இருக்குதுல்ல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மதிய வெயிலில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, டேப்பை எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்குப் போனேன். பதினோரு மரத்தையும் அளந்தேன். மரத்துக்கு மரம் எத்தனை அடி, ரோட்டிலிருந்து எத்தனை அடி என்று நடந்து பார்த்துக் குறித்தேன். பழைய காலண்டரின் பெரிய தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, தரையில் விரித்து, கிரவுண்டை வரைந்தேன். மரத்துக்கு வட்டம். பஸ் நிற்கும் இடம், கூழ் ஊற்றும் இடம், ஸ்டார் கட்டும் மரம், முடி வெட்டும் இடம், வாலிபால் கம்பம், இட்லிக் கடை, எல்லாவற்றையும் குறித்தேன். பெயிண்டரிடம் கலருக்குப் பஞ்சம் இல்லை. நிழல் எங்கே விழும் என்பதையும் லேசாகப் பச்சை தீட்டிக் காட்டினேன்.

பெரியபாளையம் போய் பஸ் மாறித் திருவள்ளூருக்குப் போனேன். ரோடு வேலையின் டிசைன் ஆபீஸ் ஒரு மாடியில் இருந்தது. பொறுப்பில் இருந்தவர் ஓர் அம்மா, என் வயசுதான் இருக்கும். பதினொரு மணிக்குப் போனவன் மூன்று மணி வரை வெளியில் நின்றேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. உள்ளே போக எனக்குத்தான் கால் வரவில்லை. கடைசியில் அவரே கை கழுவ வெளியே வந்து, யாரைப் பார்க்கணும் என்று கேட்டார். நான் தாளை நீட்டினேன்.

"தப்பு என்னோடது மேடம். பதினோரு மரம் இருக்குது. நான்தான் நம்பர் போடல. சூப்பர்வைசர் சார் கேட்டாரு, நான் இல்லன்னு சொல்லிட்டேன்."

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தது அவ்வளவுதான். அவர் தாளை மேஜையில் விரித்தார். மேலிருந்து எடுத்த போட்டோவைக் கம்ப்யூட்டரில் திறந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். போட்டோவில் பச்சையாகத்தான் தெரிந்ததாம். புதர் என்று லிஸ்ட் சொன்னதால் விட்டுவிட்டார்களாம். ஏன் போடவில்லை என்று கேட்டார். போட்டால் வெட்டிவிடுவார்கள் என்று பயந்தோம் என்றேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நம்பர் எதற்கு என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

பிறகு சொன்னார், "மரம் இருக்கறது சரி. ஆனா லாரி எங்கியாவது நின்னுதானே ஆகணும்? ரோட்டுல நின்னா ஆளு சாகுது. இடத்த நீங்க சொல்லுங்க."

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். அந்த ரோட்டை முதலிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு மரமாக நின்று நடந்தவன் நான் ஒருவன்தான். மூடிவிட்ட செங்கல் சூளை ஒன்று தொழிற்பேட்டைப் பக்கமாக இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே ஒரு காலை முழுக்க நடந்தும் நான் டின்னைத் திறக்கவே இல்லை. விரல் தடிமனில் சீமைக் கருவேலம் மட்டும்தான். பக்கத்தில் வீடு கிடையாது. அதைச் சொன்னேன். இடத்தைக் கம்ப்யூட்டரில் தேடிக் கண்டுபிடிக்க அவருக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தேன். இடது பக்கம் மேடம், அந்தக் குட்டையைத் தாண்டி மேடம் என்று. எத்தனை நேரம் பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை.

வாக்குக் கொடுக்க முடியாது என்றார் அவர். முதலில் நம்பர் போட்டு வாருங்கள், திருத்திய லிஸ்ட் வந்தால் கமிட்டியோடு வந்து பார்க்கிறேன் என்றார். 213 ஏற்கெனவே வேறு மரத்துக்குப் போயிருந்ததால், எங்கள் மரங்களுக்கு 212/1 முதல் 212/11 வரை.

இரண்டு நாள் கழித்து சூப்பர்வைசரும் நானும் கிரவுண்டில் இறங்கினோம். இந்தத் தடவை அவர் என் பக்கத்தை விட்டு நகரவில்லை. காலை ஷிப்டு பஸ் வரும் நேரம். டின்னைப் பார்த்ததும் இட்லிக் கடை அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு நல்லவன் வேஷம் போட்ட. இன்னிக்கு எவன் இன்னா குடுத்தான் உனக்கு?"

கூட்டம் சேர்ந்தது. வழியில் நிறுத்திப் பேசிய அதே ஆட்கள். அதில் ஒருவர் என்னைக் கம்பெனிக்காரன் கைக்கூலி என்றார். சூப்பர்வைசர் சட்டம் சொல்ல ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. நான் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, அக்காவைப் பார்க்காமல், மரத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"அக்கா, அன்னிக்கு நான் மரத்தக் காப்பாத்தல. ஒளிச்சு வெச்சுட்டேன். இப்போ இங்க ஒண்ணுமே இல்லன்னு லாரி நிறுத்த எழுதிட்டாங்க. கார்டுல பேரு இல்லாதவங்களுக்கு ரேஷன்ல அரிசி போடுவாங்களா? அதே மாதிரிதான் இதுவும்."

ஒரு பஸ் வந்து ஹாரன் அடித்தது, யாரும் ஏறவில்லை. நடந்ததெல்லாம் மறுபடி முதலிலிருந்து சொல்லு என்றார் அன்று டின்னை மூடிய பெரியவர். சொன்னேன். திருவள்ளூர் போனதையும் சொன்னேன். அக்கா நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ எங்க மரத்துக்கு நல்லா பெருசா போடு, திருவள்ளூரு வரைக்கும் தெரியற மாதிரி."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தப் பூவரசு 212/4. ஒரு சாணுக்குப் பதில் இரண்டு சாண் வெள்ளை அடித்துத்தான் போட்டேன்.

கமிட்டி வந்தது. அந்த அம்மாவும் வந்தார். காலனியே திரண்டு நின்றது. நான் பின்னால் நின்றுகொண்டேன். அவர்கள் சூளை இடத்தையும் போய்ப் பார்த்தார்கள். பிறகு மழைக்காலம் முழுக்க ஒரு செய்தியும் இல்லை. காண்டிராக்டர் எனக்கு நம்பர் வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார். பொய் சொன்னவனுக்கு அது நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டு, வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கப் போனேன். சூப்பர்வைசருக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்ததோடு சரி, வேலை போகவில்லை.

தை பிறந்த பிறகு பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் புதுப் பிளானை ஒட்டினார்கள். இங்கிலீஷில் இருந்தது. கோடும் வட்டமுமாக, பார்த்தால் தலை சுற்றும். படித்த பிள்ளைகள் இரண்டு பேர் தலைப்பைப் படித்தார்கள், அதற்கு மேல் அவர்களுக்கும் பிடிபடவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு எண். 212/1, 212/2. என் தாளில் நான் போட்ட அதே இடங்களில். எனக்கு அது புத்தகம் மாதிரி இருந்தது. யாரும் கூப்பிடாமலே முன்னால் போய் நின்று, விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தேன்.

இது வேப்பமரம். இது தூங்குமூஞ்சி. இங்கே பஸ் உள்ளே வந்து நிற்க வளைவு கொடுத்திருக்கிறார்கள். மரத்தைச் சுற்றி மண் விட்டு, மீதி இடத்துக்குத்தான் கல். லாரி நிறுத்தம் சூளைக்குப் போய்விட்டது. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லப் பின்னால் சத்தம் கூடியது. மூன்றாம் வட்டத்துக்கும் நான்காம் வட்டத்துக்கும் மேலே மட்டும் குறுக்குக் கோடு போட்டிருந்தது. என் விரல் அங்கே நின்றுவிட்டது.

"நாலு எங்க?" என்றாள் அக்கா.

அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கலாம். போகவில்லை.

"மூணும் நாலும் ரோட்டுல வருது அக்கா. அது ரெண்டும் போயிடும். மீதி ஒம்போதும் நிக்கும்."

அவள் பிளானின் பக்கத்தில் வந்து அந்தக் கோட்டை உற்றுப் பார்த்தாள். இருபது வருஷ நிழல். திட்டப்போகிறாள் என்று நின்றேன்.

"ஆறாம் நம்பரு?"

"அது நிக்குது."

"நல்ல நிழலு அது. கடைய அதுக்குக் கீழ போட்டுக்கறேன். எவனாவது வந்து இங்க ஏன் போட்டன்னு கேட்டான்னா, உன்னத்தான் கைகாட்டுவேன். நீ வந்து பேசணும், ஆமா."

வரேன் என்றேன்.

ரோடு இப்போது முடிந்துவிட்டது. லாரிகள் சூளையில் நிற்கின்றன. பஸ்கள் வளைந்து உள்ளே வந்து ஒன்பது மரங்களின் நிழலில் நிற்கின்றன. ஒரு தடவை ஒரு அதிகாரி வந்து கடையைப் பற்றிக் கேட்டார், அக்கா ஆள் அனுப்பினாள், நானும் போய்ப் பேசினேன். போன மாதம் மழைநீர்க் கால்வாய்க்காகக் காலனி முனையில் ஒரு பிளானை ஒட்டியிருந்தார்கள். வேலையிலிருந்து திரும்பும்போது பார்த்தேன், அதற்கு முன்னால் இருபது பேருக்கு மேல் கூடி நின்றார்கள். யாரும் படிக்க முயற்சி செய்யவில்லை. நான் வரட்டும் என்று நின்றிருந்தார்கள். சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மேல் மூலையிலிருந்து ஆரம்பித்தேன்.